ஒருவரையும் விடாத பேச்சு

எங்கள் கடையில் மரக்கறிப் பக்கம் நின்றவரின் மனைவி, தக்காளிப் பெட்டிக்கும் கறிவேப்பிலைக் கூடைக்கும் நடுவில் இருந்தார். கைபேசியில்தான். காலையில் ஷட்டரைத் தூக்கிச் சிறிது நேரத்தில் அந்த இடத்துக்கு வந்துவிடுவார். எங்களுக்குப் பின்னேரம் ஆகும்போது யாழ்ப்பாணத்தில் படுக்கும் நேரமாகிவிடும். அப்போது திரை கறுக்கும். இடைப்பட்ட நேரம் முழுவதும் வீடியோ அழைப்பு திறந்தபடியே கிடக்கும்.

இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. இவர் கீரைக்கட்டில் பழுத்த இலைகளைக் களைவார், பூசணியைக் கீற்றாக வெட்டி மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றுவார். அங்கே மனைவி அரிசி களைவார், காயப்போட்ட உடுப்பை எடுக்க எழுந்து போவார். அப்போது திரையில் ஒரு சமையலறைச் சுவரும் கலண்டரும் மட்டும் தெரியும். கலண்டரைப் பார்த்துக்கொண்டே இவர் வெண்டிக்காய் அடுக்குவார்.

நான் அங்கிருந்து சில அடி தள்ளி, காசு வாங்கும் டில்லில் இருந்தேன். கடை லண்டனில், நோர்பரிப் பக்கம். எந்தக் கடை, எந்தக் கவுன்சில் என்று எழுதப்போவதில்லை. சொல்லவந்ததற்கு அவை தேவையில்லை. ஊரில் பத்திரிகையில் வேலை செய்தவன் நான். மாநகர சபைக் கூட்டங்களுக்குப் போய்ச் செய்தி எழுதுவது அந்த வேலையில் பெரும் பகுதி. இங்கே வந்து பல வேலைகள் பார்த்து, கடைசியில் டில்லுக்கு வந்து சேர்ந்தேன். என் அறை மாடியில், ஒரு குடும்பத்துக்கு மேலே. அவர்கள் நல்லவர்கள், சத்தம் போடாதவர்கள். சத்தம் போட்டிருந்தாலும் பரவாயில்லை என்று சில ஞாயிற்றுக்கிழமைகளில் தோன்றியிருக்கிறது. குக்கர் விசில், காகம், தெருவில் பாண் ரொட்டி விற்கும் ஓட்டோவின் பாட்டு, யாரோ கேற்றைத் திறக்கும் ஓசை எல்லாம் எனக்கு அந்தக் கைபேசியிலிருந்துதான் கேட்டன. என்னுடையதல்லாத ஒரு வீட்டின் மத்தியானமும் பின்னேரமும் எனக்கு மனப்பாடமாகியிருந்தன.

வாடிக்கையாளர்கள் அந்தப் பெண்ணைப் 'போன் அக்கா' என்று அழைத்தார்கள். கீரை வாங்க வரும் பெண்கள் குனிந்து சுகம் விசாரிப்பார்கள். மனைவியும் சும்மா இருப்பதில்லை. ஒருமுறை ஒருவர் முருங்கைக்காய் எடுத்தபோது தக்காளிகளுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது.

"அது முத்தல். அவவுக்கு அதைக் குடுத்துப்போடாதேங்கோ."

முதலாளி சிரித்தார். "சம்பளமில்லாமல் ஒரு ஆள் எனக்கு வேலை செய்யுது" என்றார்.

ஒருநாள் மத்தியானம் இவர் என்னிடம் வந்து, கொஞ்சம் கூச்சத்தோடு, நான் சாப்பிட்டேனா என்று மனைவி கேட்பதாகச் சொன்னார். டில்லில் இருக்கிற அண்ணை ஒருவரோடும் கதைப்பதில்லையே, ஏதும் சுகமில்லையோ என்றும் கேட்டாராம். நான் சாப்பிட்டதாகச் சொல்லச் சொன்னேன். உண்மையில் அன்று சாப்பிடவில்லை.

அவர்கள் திருமணம் திருச்சியில் நடந்தது. இவருடைய அகதி வழக்கு நீண்ட காலம் இழுபட்டு, நிரந்தர வதிவிடம் கிடைத்த பிறகுதான் எங்கும் போக முடிந்தது. ஊருக்குப் போகப் பயம். பெண் வீட்டார் கடல் தாண்டி வந்தார்கள், வாடகை மண்டபம், சில கிழமைகள் ஒன்றாக ஒரு விடுதி அறை. பிறகு ஆளுக்கொரு விமானம். மனைவியை இங்கே எடுப்பதற்கு இவருடைய வருட வருமானம் அரசு சொல்லும் ஓர் எல்லையைத் தாண்ட வேண்டும். கடையில் முழுநேரம் நின்றும் அது எட்டவில்லை. கொஞ்சம்தான் குறைவு. அந்தக் கொஞ்சம் அசையாமல் நின்றது.

இந்த நிலையில்தான் உள்ளூர்ச் சபையான கவுன்சிலில் பேச்சு எழுந்தது. சம்பளச் சட்டம் கவுன்சிலின் கையில் இல்லை. அது மத்திய அரசின் வேலை. ஆனால் கடைகளிடமிருந்து வாங்கும் வரியில் தள்ளுபடி கொடுக்கக் கவுன்சிலால் முடியும். பலசரக்குக் கடைகள் தொழிலாளருக்கு, சட்டம் சொல்லும் குறைந்தபட்சத்தை விட்டு, லண்டனில் வாழத் தேவை என்று கணக்கிடப்பட்ட கூடுதல் சம்பளத்தைக் கொடுத்தால் அந்தத் தள்ளுபடி கிடைக்கும் என்பது யோசனை. ஒரு குழு அதைப் பரிசீலிக்கும். பொதுமக்களும் வந்து பேசலாம்.

முதலாளி தெளிவாகச் சொல்லிவிட்டார். கவுன்சில் வரியைக் குறைத்தால் அடுத்த மாதமே சம்பளத்தைக் கூட்டுவார், குறைக்காவிட்டால் ஏலாது. அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். எதிர்ப்புறக் கடை பருப்பை என்ன விலைக்கு விற்கிறது என்று தினமும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். அந்தக் கூடுதல் சம்பளம் வந்தால் மரக்கறிப் பக்கத்துக்காரர் எல்லையைத் தாண்டிவிடுவார். கடையில் இருந்த எல்லோருக்கும், போன் அக்காவுக்கும், இது தெரியும்.

சம்பள உயர்வுக்காகப் பிரசாரம் செய்த குழுவிலிருந்து ஓர் இளம்பெண் கடைக்கு வந்தாள். இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை. ஆங்கிலத்தில் பேசி, இடையிடையே "அண்ணா" போட்டுக்கொண்டாள். கவுன்சில் குழுவின் முன்னால் ஒரு கடைத் தொழிலாளி பேசினால் நல்லது, மூன்று நிமிடம் கொடுப்பார்கள், உங்கள் கதையைச் சொன்னால் போதும் என்றாள். நான் மறுத்துவிட்டேன். கூட்டங்களில் ஓரமாக இருந்து எழுதிப் பழகியவனுக்கு நடுவில் நிற்க வராது. மரக்கறிப் பக்கத்துக்காரர் உடனே சம்மதித்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது: ஊரில் விளையாட்டுக் கழகத்தின் செயலாளராக இருந்தவர். விளையாட்டு விழா, பரிசளிப்பு எல்லாவற்றிலும் வரவேற்புரையும் நன்றியுரையும் அவருடையவைதான். மேடை அவருக்குப் பழக்கம். இந்த நாட்டில்தான் மேடை கிடைக்கவில்லை.

அரிசி மூட்டைகளுக்கு இடையே ஒத்திகை நடந்தது. ஆங்கிலத்தில் எழுதி மனப்பாடம் செய்திருந்தார். ஆங்கிலம் குறையில்லை, மெதுவானது, சுத்தமானது. குறை வேறு இடத்தில். தலைவருக்கு வணக்கம், உறுப்பினர்களுக்கு வணக்கம், அதிகாரிகளுக்கு, வந்திருக்கும் பெரியோர்களுக்கு என்று தொடங்கி நன்றிகளுக்குப் போய், அதிலிருந்து மெல்ல விஷயத்துக்கு வந்தார். நான் பத்திரிகைக்காரனின் புத்தியைச் சொன்னேன். முக்கியமானதை முதல் வரியில் வை. மிச்சத்தை வெட்டினாலும் அது நிற்கும். என் மனைவி அங்கே இருக்கிறார், நான் இங்கே இருக்கிறேன், இந்தச் சம்பளம் கிடைத்தால் ஒன்றாக இருப்போம் என்று தொடங்குங்கள் என்றேன்.

அவர் கீரைக்கட்டைக் கீழே வைத்தார்.

"அண்ணை, அது பேப்பருக்குச் சரி. ஆக்களுக்கு முன்னால போய் நிண்ட உடன, ஒரு வணக்கமும் சொல்லாமல், மனிசியைப் பற்றியும் காசைப் பற்றியும் கதைக்கிறதே? என்னை என்னெண்டு நினைப்பினம்?"

"உங்கட வணக்கம் முடியிறதுக்குள்ள அவை வீட்டை போயிடுவினம்" என்றது கைபேசி.

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "நீர் உலையைப் பாரும், பொங்குது."

பொங்கத்தான் செய்தது. மனைவி எழுந்து ஓடினார். கலண்டர் தெரிந்தது. முதலாளி பின்னாலிருந்து, தம்பி அடுத்த எலெக்சனுக்கு நிற்கப் போகிறார் போல என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. நாங்கள் வளர்ந்த ஊர்களில் வணக்கம் சொல்லாமல் தொடங்கும் பேச்சுக்குப் பெயர் சண்டை.

கூட்டத்துக்கு முதலாளி தன் வான் வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். அவரும் வந்தது எனக்கு உறுத்தியது. தொழிலாளி சம்பளம் போதாது என்று சொல்லப் போகும் இடத்துக்கு முதலாளியே வண்டி ஓட்டிக்கொண்டு வருவது வேறு எங்கே நடக்கும் என்று தெரியவில்லை. மற்ற இருவருக்கும் அது விசித்திரமாக இருக்கவில்லை. இவர் திருமணத்துக்குத் தைத்த கோட்டு அணிந்திருந்தார். தோள்கள் கொஞ்சம் பெரிதாகியிருந்தன. பெட்டி தூக்கித் தூக்கி அப்படியாகியிருக்க வேண்டும்.

அறை எனக்குத் தெரிந்த அறைதான். ஊர்ச் சபையில் மின்விசிறி சுற்றும், இங்கே சுவரோரம் ஹீட்டர் சூடாகும்; மற்றப்படி அதே வளைந்த மேசை, தண்ணீர்க் குவளைகள், தாளைப் புரட்டாமலே தெரிந்தவர்போல் தலையாட்டும் உறுப்பினர்கள். முன்பு செய்தியாளர் மேசை எங்கே இருக்கும் என்று பழக்கத்தில் தேடினேன். அப்படி ஒன்று இருந்தது. யாரும் இல்லை. நான் பொதுமக்கள் இருக்கையில் முதலாளிக்குப் பக்கத்தில் இருந்தேன். ஒலிவாங்கியில் ஒரு சிறு விளக்கு. பச்சை என்றால் பேசலாம். மஞ்சள் என்றால் முடியப் போகிறது. சிவப்பில் சத்தம் தானாக நின்றுவிடும். தொடக்கத்திலேயே தலைவி இதை விளக்கினார்.

முதலில் பேசியவர்கள் இருந்தபடி பேசினார்கள். இவர் எழுந்து நின்றார். ஒலிவாங்கி இடுப்பளவில் இருந்தது. பணியாளர் ஒருவர் வந்து அதை மேலே வளைத்துவிட்டார். இவர் கைகூப்பினார், தலைவிக்கு, இடப்பக்கம், வலப்பக்கம், பிறகு திரும்பி எங்களுக்கு. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மதிப்புக்குரிய தலைவி அவர்களுக்கு வணக்கம் என்றார். உறுப்பினர்களுக்கு, அதிகாரிகளுக்கு, பொதுமக்களுக்கு வணக்கம். வேலைப்பளுவின் நடுவே எளியவர்களின் குரலைக் கேட்க நேரம் ஒதுக்கிய பெருந்தன்மைக்கு நன்றி. தனக்கு முன் பேசியவர்களின் அருமையான கருத்துகளுக்கு நன்றி. லிப்ட் வரை வழிகாட்டிய காவலாளிக்கு நன்றி. இப்போது ஒலிவாங்கியைச் சரிசெய்த சகோதரருக்கு நன்றி. இது ஒத்திகையில் இல்லாதது. அவருக்கு அங்கேயே தோன்றியிருக்கிறது. சில உறுப்பினர்கள் புன்னகைத்தார்கள். நல்ல புன்னகைதான். அப்படி ஒரு பேச்சை அந்த அறை நெடுநாள் கேட்டிருக்காது.

பிறகு முதலாளியைக் கண்டார். பேச்சில் முதலாளிக்கு ஒரு வரி மட்டுமே இருந்தது. ஆனால் முதலாளி அங்கே நேரில் இருந்தார், கையைக் கட்டிக்கொண்டு. சபையில் இருக்கும் ஒருவரை ஒரு வரியில் கடந்து போக நன்றியுரை செய்து பழகிய வாய் இடம் கொடுக்காது. தன்னை ஒரு தம்பியாக நடத்துகிறார் என்றார். வேலையாள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. மத்தியானச் சாப்பாடு அவர் வீட்டிலிருந்து வருகிறது. சுகமில்லாத நாட்களில் மருந்தும் வாங்கித் தந்திருக்கிறார். இப்படி ஒரு முதலாளி கிடைத்தது தன் பாக்கியம். தனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை.

மஞ்சள் எரிந்தது. எல்லாம் உண்மை. பக்கத்தில் முதலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

"இனி நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன்" என்றார் அவர், ஆங்கிலத்தில், நிமிர்ந்து.

சிவப்பு. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அவர் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார். தலைவி மென்மையாக, நேரம் முடிந்துவிட்டது, மிகவும் மனம் தொடும் பேச்சு, நன்றி என்றார். இவர் அதற்கும் கைகூப்பி, ஒலிவாங்கி இல்லாமலே நன்றி சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தார். கையில் இருந்த தாளை மடித்துக் கோட்டுக்குள் வைத்தார். மனைவி அந்தத் தாளின் பின்பக்கத்தில் இருந்தார்.

விவாதம் நடந்தது. யோசனையில் சந்தேகம் கொண்ட ஓர் உறுப்பினர் இவரை மரியாதையோடு குறிப்பிட்டார். இந்தக் கடைகள் குடும்பங்கள் போன்றவை என்பதை இப்போது ஒரு தொழிலாளியின் வாயாலேயே கேட்டோம், தங்களுக்குக் குறையில்லை என்கிறார்கள், பொதுப்பணத்தை அங்கே செலவிடுவதற்கு முன் நாம் யோசிக்க வேண்டாமா என்றார். இவருக்கு அது உடனே புரியவில்லை. புரிந்தபோது என் கையைப் பிடித்தார். அவர் விரல்களில் கறிவேப்பிலை மணம் இருந்தது.

வரி இழப்பு பற்றிய மேலதிக அறிக்கை வரும்வரை விஷயத்தை ஒத்திவைப்பதாக முடிவெடுத்தார்கள். பேச்சால்தான் இப்படி ஆனது என்று எழுதினால் அது பிழையான செய்தி. ஒத்திவைக்கலாம் என்ற வழி நிகழ்ச்சி நிரலில் ஏற்கெனவே இருந்தது. இவர் வராமலே இருந்திருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். திரும்பும் வழியில் இதை இவரிடம் சொன்னேன். ஓம் அண்ணை என்றார். கேட்டமாதிரித் தெரியவில்லை. முதலாளி, முன்கண்ணாடியைப் பார்த்து ஓட்டியபடி, என்னைப் பற்றி அவ்வளவு சொல்லியிருக்கத் தேவையில்லை தம்பி என்றார். சம்பளத்தைப் பற்றி மூவரும் பேசவில்லை.

கூட்டங்களைக் கவுன்சில் இணையத்தில் போட்டுவைக்கும். அடுத்தநாள் காலை, வழக்கமான இடத்தில், வழக்கமான நேரத்தில் மனைவி வந்தார். அந்த வீடியோவைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். ஒரு சொந்தக்காரப் பிள்ளை பக்கத்திலிருந்து அர்த்தம் சொன்னதாம். இவர் வெண்டிக்காய்ப் பெட்டியை உடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. கடையில் அப்போது வேறு ஆள் இல்லை.

"நல்லாக் கதைச்சிருக்கிறியள்" என்றார் மனைவி. "ஒருத்தரையும் விடேல்லை."

அதில் குத்தல் இருந்ததா என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. குரலில் இருந்தது சிரிப்பு போலத்தான் கேட்டது.

இவர் கத்தியைப் பெட்டிமேல் வைத்தார்.

"உம்மைத்தான் விட்டிட்டன்."

அங்கே காகம் கரைந்தது. பாண் ஓட்டோ பாடிக்கொண்டு போனது. நான் டில்லில் இருந்த சில்லறைகளை ஒழுங்குபடுத்துவதுபோல் குனிந்திருந்தேன். பிறகு மனைவி, கோட்டு கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, அடுத்தமுறை தோளைப் பிரித்துத் தைக்க வேண்டும் என்றார். அடுத்தமுறை எப்போது என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

சில கிழமைகளில் இவர் வேறு வேலை தேடிக்கொண்டார். நகரின் ஓரத்தில் ஒரு பெரிய குளிர்சாதனக் களஞ்சியம். கடைகளுக்கு உணவுப்பொருள் பிரித்து அனுப்பும் இடம். சம்பளம் எல்லையைத் தாண்டும். ஆறு மாதச் சம்பளச் சீட்டு சேர்ந்ததும் மனைவிக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே வேலைக்குள் போகும்போது கைபேசியைப் பெட்டகத்தில் பூட்டிவிட வேண்டும். ஷிப்ட் முடியும்போது யாழ்ப்பாணத்தில் நடுச்சாமம் கழிந்திருக்கும். இதை அவர் மிகவும் சாதாரணமாகச் சொன்னார்.

"ஆறு மாதம்தானே அண்ணை. பிறகு ஆளே வந்திடும். போன் ஏன்?"

முதலாளி அவருக்கு ஒரு விருந்து வைத்தார். அங்கே அவர் நன்றியுரை சொல்லவில்லை. எழுந்தார், எல்லோரையும் பார்த்தார், போயிட்டு வாறன் என்று மட்டும் சொல்லி இருந்துவிட்டார். பேச்சைச் சுருக்க அவர் கற்றுக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை.

அதன்பிறகு கடையில் சத்தம் குறைந்தது. புதிதாக வந்தவர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தனக்குள் பாட்டுக் கேட்டபடி கீரை கட்டுகிறார். வேலையில் குறை சொல்ல முடியாது. கவுன்சிலின் அறிக்கை இன்னும் வரவில்லை. நிகழ்ச்சி நிரல் வெளியாகும்போதெல்லாம் பார்க்கிறேன். தொழில் பழக்கம். முதல் கிழமைகளில் வாடிக்கையாளர்கள் தக்காளிப் பெட்டியின் பக்கம் குனிந்துவிட்டு, போன் அக்கா எங்கே என்று என்னிடம் கேட்டார்கள். நான் விவரம் சொன்னேன். அந்தக் காலத்தில்தான் கடையில் நான் அதிகம் பேசியிருக்கிறேன். பிறகு அவர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

இவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். மெலிந்திருந்தார், அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். மனைவியோடு விடுமுறை நாட்களில் பேசுவதாகவும், இப்போதெல்லாம் இருவரும் நிறையக் கதைப்பதாகவும் சொன்னார். அழைப்பெடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் நேரம் வீணாகிறது போல இருக்கிறதாம். வந்ததும் முதலில் இந்தக் கடைக்குத்தான் கூட்டிக்கொண்டு வருவேன் என்றார்.

"அவவுக்கு இஞ்சை இடமெல்லாம் தெரியும். ஒண்டும் காட்டத் தேவையில்லை."

அவர் போன பிறகு கடையில் ஆள் இல்லாத ஒரு நேரம் வந்தது. நான் டில்லை விட்டிறங்கி மரக்கறிப் பக்கம் போனேன். கைபேசி சாய்ந்திருந்த இடத்தில் இப்போது இஞ்சிக் கூடை. அதை நகர்த்திவிட்டு, அந்த உயரத்துக்கு வருமாறு முழங்காலை மடித்து, அங்கிருந்து பார்த்தேன். இடமெல்லாம் தெரியவில்லை. கறிவேப்பிலைக் கூடையின் விளிம்பு தெரிந்தது. மரக்கறிப் பக்கத்துக்காரர் நிற்கும் இடம் பாதிதான் தெரிந்தது. அவருடைய கைகளும் வயிறும் திரைக்குள் வந்திருக்கும். நேர் எதிரே, ஒன்றும் மறைக்காமல், முழுதாகத் தெரிந்தது டில்லும் அதன் பின்னால் இருந்த என் கதிரையும்.

அப்போது கதவு திறந்தது. ஒரு பெண் உள்ளே வந்து, டில்லில் ஆள் இல்லையோ என்று பொதுவாகக் கேட்டார். வாறன் என்று சொல்லிக்கொண்டு எழுந்தேன்.